பதினோரு பார்ட்ஸ் ஃபஸ் பெடலும் சென்னை வெயிலும்

கிட்டார் பெடல் சொந்தமா பண்ணனும்னு ஆசைப்படறவங்க முக்காவாசி பேர் மொதல்ல கை வைக்கறது ஃபஸ் ஃபேஸ்ங்கற, சவுண்டைக் கரகரன்னு ஆக்கற பெடல்ல தான், ஏன்னா சர்க்யூட்டைப் பாத்தா அவ்ளோ சின்னது. ரெண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூணு கெபாசிட்டர், ரெண்டு பாட் (திருப்பற நாப்), மொத்தம் பதினொண்ணு, அவ்ளோதான். 1966ல லண்டன்ல ஆர்பிட்டர் கம்பெனி வெளியிட்டது, அந்த வட்ட டப்பா டிசைனே மைக் ஸ்டாண்டோட அடித்தட்டைப் பாத்து வந்த ஐடியான்னு சொல்லுவாங்க, கிட்டாரிஸ்ட் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மிதிச்சதுக்கு அப்புறம் அதுக்கு வேற விளம்பரமே தேவைப்படல. ஆனா என் அனுபவத்துல பார்ட்ஸ் குறைவா இருக்கற சர்க்யூட் தான் அதிகமா படுத்தும். ஐம்பது பார்ட்ஸ் இருக்கற ட்யூப் ஸ்க்ரீமர்ங்கற இன்னொரு பெடலை ஒழுங்கா சால்டர் பண்ணா பண்ணதும் பாடும், இந்தப் பதினொண்ணு மட்டும் காலைல ஒரு மாதிரி பேசும், மத்தியானம் வேற மாதிரி பேசும்.

மிகைப்படுத்தல்லாம் இல்ல, நிஜமாவே அப்படித்தான். ஒரிஜினல்ல இருக்கறது ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். டிரான்சிஸ்டருக்கு பேஸ், கலெக்டர், எமிட்டர்னு மூணு கால், பேஸ்ல குடுக்கற சின்ன கரண்ட் தான் கலெக்டர்ல பெரிய கரண்டைத் திறந்து விடணும். ஜெர்மேனியத்துக்கு லீக்கேஜ்னு ஒரு வியாதி, அதாவது பேஸ்ல ஒண்ணுமே குடுக்கலன்னாலும் கலெக்டர்லேர்ந்து கொஞ்சம் கரண்ட் அது பாட்டுக்கு கசிஞ்சிட்டே இருக்கும். சூடு ஏற ஏற கசிவும் ஏறும், சுமார் 10 டிகிரிக்கு ஒரு தடவை டபுள் ஆகும். இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க, ஏசி ரூம்ல 24 டிகிரில உக்காந்து அழகா ட்யூன் பண்ணி வெச்ச பெடலை எடுத்துட்டு மே மாசம் சாயங்காலம் மொட்டை மாடில 38 டிகிரில வாசிக்கறீங்க, கசிவு கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு ஆயிடுது. லண்டன் குளிருக்குப் பண்ண சர்க்யூட் இது, சென்னைக்குன்னு யாரும் யோசிக்கல.

என்ன ஆகும்னா, ரெண்டாவது டிரான்சிஸ்டரோட கலெக்டர்ல பாதி சப்ளை, அதாவது சுமார் 4.5 வோல்ட் நிக்கணும். அங்க நின்னா தான் அந்த கொழகொழன்னு, வால்யூமைக் குறைச்சா க்ளீனாகிற சவுண்ட் வரும். சூட்டுல அது நகர்ந்துடும், நகர்ந்தா நோட் வால் இல்லாம டப்புனு அறுந்து போகும், கிழிஞ்ச ஸ்பீக்கர் மாதிரி பிர்ர்ருனு துப்பும். இதைக் கேட்டுட்டு நிறைய பேர் சால்டரிங் தப்புன்னு நெனச்சு போர்டையே திரும்பப் பண்றாங்க, பாவம். மொதல்ல மீட்டரை எடுத்து அந்த கலெக்டர்ல வைங்க சார், நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருக்கான்னு பாருங்க, அப்புறம் மத்ததைப் பேசலாம். (பிஎன்பின்னு, பிளஸ் மைனஸ் மாறி வேலை செய்யற டிரான்சிஸ்டர்னா மீட்டர் மைனஸ் காட்டும், பயப்படாதீங்க, அது அப்படித்தான்.)

அதுக்கு நான் பண்றது, அந்த கலெக்டர்ல இருக்கற 8.2கே (கிலோ ஓம்ஸ்) ரெசிஸ்டருக்குப் பதிலா ஒரு 20கே ட்ரிம்பாட், அதாவது ஸ்க்ரூ டிரைவரால திருப்பற குட்டி பாட், போட்டுடுவேன், டப்பாவோட சைடுல அதுக்கு நேரா ஒரு சின்ன ஓட்டை, ஸ்க்ரூ டிரைவர் நுழையற அளவுக்கு. மார்கழில ஒரு இடம், கத்திரில ஒரு இடம், திருப்பிக்கலாம். பெருமையா விக்கற பொட்டீக் பெடல்கள்ல இதையே வெளிய நாபா வெச்சு பயாஸ்னு எழுதி வெச்சிருப்பாங்க, அதே சமாச்சாரம் தான்.

டிரான்சிஸ்டர் வாங்கறது தனிக் கதை. நம்ம நல்ல காலம், ஒரு காலத்துல பெல் கம்பெனி, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தான், ரேடியோவுக்காக ஏசி 128ங்கற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரெல்லாம் இங்கயே பண்ணிட்டு இருந்தாங்க. அதனால பழைய ரேடியோ மெக்கானிக் கடைகள்ல, ரிச்சி ஸ்ட்ரீட்ல சில பழைய கடைகள்ல டப்பாவோட அடில இன்னும் கெடைக்கும். ஆனா கெடைச்சதெல்லாம் ஃபஸ்ஸுக்கு ஆகாது. ரேடியோவுல அவுட்புட் ஸ்டேஜ்ல உழைக்கறதுக்குப் பண்ணது அது, சில பீஸ் குடம் ஒழுகற மாதிரி ஒழுகும். சாதா மல்டிமீட்டர்ல இருக்கற எச்எஃப்இ, அதாவது கெயின் (கரண்டை எத்தனை மடங்கு பெருக்குதுங்கறது) பாக்கற ஓட்டையில சொருகிப் பாத்து "கெயின் 180 காட்டுது, சூப்பர்"னு வாங்கிட்டு வந்துடாதீங்க, அந்த மீட்டருக்கு கசிவு எது கெயின் எதுன்னு பிரிக்கத் தெரியாது, ரெண்டையும் கூட்டித்தான் சொல்லும்.

பெடல் சர்க்யூட் பத்தி எழுதற ஆர்.ஜி. கீன் அப்படிங்கறவர் இதுக்கு ஒரு டெஸ்ட் எழுதி வெச்சிருக்கார், பெடல் பண்றவங்க உலகம் முழுக்க அதைத்தான் பண்றாங்க. 9 வோல்ட் பேட்டரி, கலெக்டருக்கு 2.472கே (2.2கேவும் 270 ஓம்ஸும் சீரீஸ்ல போட்டா கிட்டத்தட்ட அது வந்துடும்), பேஸுக்கு 2.2 மெக் (மெகா ஓம்ஸ்) ஒரு சுவிட்ச் வழியா. மொதல்ல சுவிட்சைப் போடாம கலெக்டர் ரெசிஸ்டர் மேல எவ்ளோ வோல்ட் விழுதுன்னு பாருங்க, அது முழுக்க கசிவு. அப்புறம் சுவிட்சைப் போடுங்க, ரீடிங் ஏறும். ரெண்டாவதுலேர்ந்து மொதலைக் கழிச்சு நூறால பெருக்கினா நிஜமான கெயின். பேஸுக்கு 2.2 மெக் வழியா போறது சுமாரா 4 மைக்ரோஆம்ப், அதுக்கேத்த மாதிரி தான் அந்த 2472ன்னு ஒரு விசித்திரமான நம்பரை எடுத்திருக்கார், கணக்கு சுலபமா வரட்டும்னு. மொத டிரான்சிஸ்டருக்கு 70, 80 கெயின், ரெண்டாவதுக்கு 110லேர்ந்து 130, கசிவு 200 மைக்ரோஆம்புக்குக் கீழ, அதாவது மொத ரீடிங் அரை வோல்ட்டுக்குள்ள. இந்தக் கணக்குல சிக்கற ஜோடி கெடைச்சா அதை டேப்ல ஒட்டி நம்பர் எழுதி வெச்சுக்கோங்க, தங்கம்.

இந்த டெஸ்ட் பண்ணும்போது ஒரு வேடிக்கை பாருங்க. சுவிட்ச் போடாம கசிவு ரீடிங் 0.31னு நிக்குதுன்னு வைங்க, அந்த டிரான்சிஸ்டரோட உலோகக் குல்லாவை ரெண்டு விரலால சும்மா பிடிங்க. 0.33, 0.36, 0.40ன்னு மீட்டர் ஏறிட்டே போகும், கையை எடுத்தா பொறுமையா எறங்கும், அவசரமே படாது. உங்க கைச் சூடு தான் அது. கடைல நின்னு டெஸ்ட் பண்றீங்கன்னா இதுக்காகவே சொருகினதுக்கு அப்புறம் ஒரு நிமிஷம் விட்டுட்டு ரீடிங் எடுக்கணும், இல்லன்னா உங்க விரலைத்தான் டெஸ்ட் பண்ணியிருப்பீங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பார், பாத்துட்டுப் போகட்டும். அந்த டெஸ்ட் போர்டை நான் ஒரு சோப்பு டப்பாக்குள்ள போட்டு பைலயே வெச்சிருக்கேன்.

சரி, ரிப்பேருக்கு வருவோம். எனக்குத் தெரிஞ்ச பசங்க கொண்டு வர்ற பெடல்ல பாதி "அண்ணா சவுண்டே வரல". இதுக்கு என்னோட மொத கேள்வி எப்பவும் ஒண்ணுதான், பைபாஸ்ல, அதாவது எஃபெக்ட்டை ஆஃப் பண்ணி கிட்டாரை நேரா விட்டா, வருதா? பைபாஸ்ல கூட வரலன்னா போர்டைத் தொடவே வேணாம், பிரச்சனை ஜாக்லயோ சுவிட்ச்லயோ தான். அந்த ஒம்போது கால் ஃபுட் சுவிட்ச் இருக்கே, த்ரீபிடிடி, அதுல சால்டரிங் அயர்னை ரொம்ப நேரம் வெச்சா உள்ள பிளாஸ்டிக் இளகி காண்டாக்ட் சாஞ்சிடும், வெளில பாத்தா பளபளன்னு இருக்கும். 25 வாட் அயர்ன், மூணு செகண்டுக்கு மேல ஒரு கால்ல நிக்காதீங்க, பக்கத்துப் பக்கத்துக் கால்ல போடாம மாத்தி மாத்திப் போடுங்க.

பைபாஸ்ல வந்து எஃபெக்ட்ல மட்டும் வரலன்னா தான் ஆடியோ ப்ரோப். பேர் பெருசு, விஷயம் சின்னது: ஒரு பழைய கிட்டார் கார்டை ஒரு பக்கம் வெட்டி, நடு ஒயர்ல ஒரு 0.1 மைக்ரோ கெபாசிட்டர், கெபாசிட்டரோட இன்னொரு கால் தான் உங்க ஊசி, ஷீல்டை பெடலோட கிரவுண்டுல ஒரு கிளிப் போட்டு மாட்டுங்க, கார்டோட இன்னொரு முனை ஆம்புக்கு. பெடலோட இன்புட்ல ஃபோன்ல எதாவது பாட்டை லூப்ல ஓட விடுங்க, ரெண்டு கையும் ஃப்ரீ ஆயிடும். இப்ப இன்புட்லேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு பாயிண்டா ஊசியை வெச்சுட்டே போங்க. இன்புட் கெபாசிட்டருக்கு முன்னாடி பாட்டு கேக்குதா, பின்னாடி கேக்குதா, பேஸ்ல கேக்குதா, கலெக்டர்ல பெருசா கேக்குதா. எங்க நின்னுபோச்சோ அங்கதான் வில்லன். கெபாசிட்டர் ஏன்னா டிசி வோல்டேஜ் ஆம்புக்குப் போகக் கூடாது. ஆம்ப் வால்யூமைக் குறைச்சு வெச்சுக்கோங்க, கலெக்டரைத் தொடும்போது காது போயிடும். இந்த ஒரு கார்டு இருந்தா பாதி ரிப்பேருக்கு சர்க்யூட் தியரியே தேவையில்லங்கறது என் அபிப்ராயம், இதைப் பண்ணி வெச்சுக்காம கண்ணால பாத்தே கண்டுபிடிக்கறேன்னு போர்டை லென்ஸ் வெச்சுப் பாக்கற ஆளுங்களை நெனச்சா எனக்கு சிரிப்பு தான் வரும்.

சவுண்ட் வருது, ஆனா செத்த மாதிரி வருது அப்படின்னா வேற கதை. நம்மூர்ல அதுக்கு அதிகமா காரணம் பிசி 547. எந்தக் கடைலயும் கெடைக்கும், அதனால எல்லாத்துக்கும் அதைப் போட்டுடறோம். நெட்ல கெடைக்கற லேஅவுட் எல்லாம் 2என் 3904, இல்ல 2என் 5088க்கு வரைஞ்சது. தட்டையான முகம் உங்களைப் பாத்து, கால் கீழ இருக்கற மாதிரி பிடிச்சா 3904க்கு இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். 547க்கு அப்படியே உல்ட்டா, கலெக்டர், பேஸ், எமிட்டர். படத்துல இருக்கற மாதிரியே சொருகினா தலைகீழா உக்காந்திருக்கும். எரிஞ்சு போனா கூட பரவால்ல, கண்டுபிடிச்சுடலாம், இது எரியாது, தலைகீழாவும் டிரான்சிஸ்டர் அரைகுறையா வேலை செய்யும், அதான் பிரச்சனை.

எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸோட எல்பிபி 1 பூஸ்டரை எடுத்துக்கோங்க, 1960கள் கடைசில மைக் மேத்யூஸ் கம்பெனி ஆரம்பிச்ச காலத்துல வந்தது, ஒரே டிரான்சிஸ்டர். 430கே, 43கே பேஸுக்கு, 10கே கலெக்டருக்கு, 390 ஓம்ஸ் எமிட்டருக்கு. ஒழுங்கா இருந்தா பேஸ்ல முக்கா வோல்ட், எமிட்டர்ல 0.15 பக்கம், கலெக்டர்ல நாலுலேர்ந்து அஞ்சு. கெயின் பத்தாயிரத்தை 390ஆல வகுத்துக்கோங்க, இருபத்தஞ்சு மடங்கு, ஆம்ப் அலறணும். டிரான்சிஸ்டர் தலைகீழா இருந்தா கலெக்டர்ல எட்டரைக்கு மேல நிக்கும், எமிட்டர்ல கிட்டத்தட்ட ஒண்ணுமே இருக்காது, சவுண்ட் மந்தமா போர்வைக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி வரும். அந்த மூணு நம்பரைப் பாத்தாலே தெரிஞ்சிடும், 180 டிகிரி திருப்பிப் போட்டா முடிஞ்சுது.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸ் இது இல்ல. சர்ச்ல கிட்டார் வாசிக்கற தம்பி ஒருத்தன், யாரோ பண்ணிக் குடுத்த ஜெர்மேனியம் ஃபஸ் ஒண்ணு கொண்டு வந்தான். "அண்ணா, வீட்ல பேட்டரி போட்டா சூப்பரா வேலை செய்யுது, சர்ச்ல போர்டுல மத்த பெடலோட சேத்தா எல்லா பெடலும் ஆஃப் ஆயிடுதுண்ணா, டிலே கூட ஆஃப் ஆயிடுது." "ஃபஸ்ஸுக்கு பவர் குடுத்து கார்டு மாட்டாம விட்டா?" "அப்ப ஆஃப் ஆகலண்ணா, எல்லாம் எரியுது, பேட்ச் கார்டு சொருகினதும் தான் போகுது."

அவன் அந்தக் கடைசி வரியைச் சொன்னதும் டப்பாவைத் திறக்கவே தேவையில்லாம போச்சு. ஏசி 128 பிஎன்பி, அதனால அந்தக் கால சர்க்யூட்ல பாசிட்டிவ் தான் கிரவுண்ட், ஜாக்கோட வெளி உலோகம், டப்பா எல்லாமே பேட்டரியோட பிளஸ்ல இருக்கும். மத்த பெடல் எல்லாத்துலயும் மைனஸ் தான் கிரவுண்ட். தனியா இருக்கற வரைக்கும் யாருக்கும் தொந்தரவு இல்ல. ஒரே அடாப்டர்லேர்ந்து மாலை மாதிரி கோத்து (டெய்சி செயின்) எல்லாத்துக்கும் பவர் குடுத்துட்டு பேட்ச் கார்டைச் சொருகினா, கார்டோட ஷீல்டு வழியா இந்த பிளஸ்ஸும் அந்த மைனஸும் கை குலுக்கிடும். நேரடி ஷார்ட். அவன் அடாப்டர் கொஞ்சம் நல்லது போல, ஷார்ட்னு தெரிஞ்சதும் தன்னைத் தானே ஆஃப் பண்ணிக்கிச்சு, கருகாம தப்பிச்சுது.

இதுக்கு வழி மூணு. பேட்டரிலயே ஓட்டறது தான் சுலபம், ஃபஸ் ஃபேஸ் ஒரு மில்லியாம்ப் கூட இழுக்காது, சாதா சிவப்பு 9 வோல்ட் பேட்டரியே மாசக்கணக்குல வரும், என்ன, வாசிக்காதப்ப இன்புட் கார்டை உருவி வைக்கணும், அங்க ஸ்டீரியோ ஜாக் போட்டு கார்டை உருவினா பேட்டரி கட் ஆகற மாதிரி தான் பண்ணியிருப்பாங்க. (எல்இடி போட்டீங்கன்னா அது ஒண்ணே மொத்த சர்க்யூட்டை விட பல மடங்கு இழுக்கும்.) ரெண்டாவது, ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியா பவர் குடுக்கற ஐசோலேட்டட் சப்ளை, ஆனா காசு ஆகும். மூணாவது, சார்ஜ் பம்ப் ஐசி ஒண்ணு போட்டு உள்ளயே மைனஸ் 9 பண்ணிக்கறது. இங்க தான் மாட்டிப்பாங்க, கடைல 7660 கேட்டா குடுக்கற சாதா 7660 பத்து கிலோஹெர்ட்ஸ்ல ஓடும், ஃபஸ்ஸைத் திறந்தா பின்னாடி ஈ...ன்னு ஒரு கொசு. அது பத்து வோல்ட்டுக்கு மேல தாங்கவும் தாங்காது, புது அல்கலைன் பேட்டரியே ஒன்பதரை காட்டும், கொஞ்சம் எகிறின அடாப்டர்னா ஐசி காலி. 1044எஸ் மாதிரி பூஸ்ட் கால் இருக்கறதை வாங்கி ஒண்ணாம் காலை சப்ளையோட சேத்துட்டா ஃப்ரீக்வென்சி மேல போயிடும், நாய்க்கு வேணா கேக்கும், நமக்குக் கேக்காது.

இரைச்சல் பத்தி சொல்லாம விட்டா திட்டுவீங்க. மலிவு எஸ்எம்பிஎஸ் அடாப்டரோட சத்தத்துக்கு சப்ளை உள்ள வர்ற இடத்துல 100 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒண்ணு, அதுக்கப்புறம் கிரவுண்டுக்கு 100 மைக்ரோ கெபாசிட்டர் ஒண்ணு, பதினாறு ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கறதெல்லாம் அமுங்கிடும், ரெண்டு ரூபா சமாச்சாரம், எல்லா போர்டுலயும் போடுங்க. ம்ம்ம்னு கீழ் ஸ்தாயில வர்ற ஹம் வேற. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ரெக்டிஃபை ஆனா 100, அது கிட்டத்தட்ட ஆறாவது கம்பில மூணாவது ஃப்ரெட், ஜி நோட், அதனால ஜி மேஜர்ல பாட்டுப் போட்டா ஹம்மே சுருதி பிடிக்கும். கம்பியைத் தொட்டா ஹம் குறைஞ்சா அது ஷீல்டிங் விஷயம், பெடல்ல குறை இல்ல. ஆனா தொட்டா சுரீர்னு கையில அடிச்சா வாசிக்கறதை நிறுத்திடுங்க, அது ஆம்புக்கோ சுவர்ல இருக்கற பிளக்குக்கோ எர்த் இல்லங்கறதோட அறிகுறி. பழைய வாடகை வீடுகள்ல மூணாவது ஓட்டை பல நேரம் வெறும் ஓட்டை தான், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டாம அதுல எதையும் சொருகாதீங்க.

அந்தத் தம்பிக்கு கடைசில என்ன பண்ணோம்னா, ஜெர்மேனியத்தை அப்படியே விட்டுட்டு, அதே சர்க்யூட்டோட சிலிக்கான் வெர்ஷன் ஒண்ணு, பிசி 108 போட்டு மைனஸ் கிரவுண்ட்ல தனியா பண்ணோம், ஒரிஜினல் கம்பெனியே பின்னாடி அப்படித்தான் மாறினாங்க. வெயிலுக்கு அசையல, டெய்சி செயின்ல ஒழுங்கா உக்காந்துச்சு. கொஞ்சம் கூர்மையா, காதைக் குத்தற சவுண்ட், ஜெர்மேனியத்தோட அந்தக் குழைவு இல்ல, அதை யாரு மறுத்தாலும் நான் ஒத்துக்க மாட்டேன். ஃபஸ்ஸை முழுசாத் திருப்பினா ரேடியோ வேற லேசா பேசுச்சு, ரெண்டு டிரான்சிஸ்டருக்கும் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவுல 47 பிகோ போட்டதும் ஆள் வாயை மூடிட்டார். தம்பி இப்ப ட்யூப் ஸ்க்ரீமர் பண்ணனும்னு நிக்கறான், அதுல இருக்கற 4558ங்கற ஐசிக்கு சாக்கெட் போடு, நேரா போர்டுல சால்டர் பண்ணாதன்னு சொல்லி அனுப்பியிருக்கேன், கடைல கெடைக்கற 4558ல எது அசல் எது டூப்புன்னு மாத்தி மாத்திப் போட்டுக் கேக்கணும்ல.